திறைசேரியின் பணம், சபையின் காணி

(லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று கவுன்சில் வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அது வாழ்ந்து அறிந்த விடயம். வந்திறங்கிய முதல் ஆண்டுகளில் கவுன்சில் ஒதுக்கிய ஒற்றை அறையில் பிள்ளை வளர்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். குடியிருந்த கவுன்சில் வீட்டையே வாங்கிச் சொந்தமாக்கியவர்களும், பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களும் இருப்பீர்கள். நாம் கூடியிருக்கும் இந்த நியூஹாம், தற்காலிகத் தங்கிடங்களில் மிக அதிகமான குடும்பங்களை வைத்திருக்கும் இங்கிலாந்துச் சபைகளின் முன்வரிசையில் நிற்கிறது. இங்கிலாந்து முழுவதற்கும் பார்த்தால், வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் 13 இலட்சம் அளவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் நாட்டின் மூன்றிலொரு பங்கு குடும்பங்களுக்கு நியாயமான வாடகையில் வீடு கொடுத்த நாடு இது. அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்?

சனத்தொகை கூடிவிட்டது, காணி இல்லை, குடியேறிகள் வந்துவிட்டார்கள் என்று பல பதில்கள் காதில் விழும். முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இந்த நாட்டு வீடமைப்பின் நூறாண்டுக் கதையை ஆண்டு ஆண்டாகப் படித்துக்கொண்டு வந்தால் வேறொன்று தெளிவாகத் தெரிகிறது. திறைசேரிக்கும் உள்ளூராட்சிச் சபைக்கும் இடையிலே பணம், நட்டம், அதிகாரம் என்ற மூன்றும் எப்படிப் பங்கிடப்பட்டனவோ, அதற்கேற்றபடிதான் வீடுகள் எழுந்தன; அல்லது எழாமல் போயின. மத்திய அரசிடம் பணம் உண்டு. மலிந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் வாங்கும் வலிமையும் உண்டு. சபையிடம் காணி உண்டு. எந்தத் தெருவில் எந்தக் கூரை ஒழுகுகிறது என்கிற அறிவு உண்டு. கதவைத் தட்டிக் கேட்டால் பதில் சொல்ல ஆளும் உண்டு. இருவரும் சேராமல் ஏழைக்கு வீடு இல்லை. இருவரும் சேர்ந்தாலும், இருவருக்கும் அதில் இழக்க ஏதாவது இருக்கவேண்டும். அதைத்தான் இன்று விளக்க முயல்கிறேன்.

தொடக்கத்தில் திறைசேரி இந்தக் கதையில் இல்லவே இல்லை. 1890ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், சபைகள் விரும்பினால் சேரிகளை அகற்றிவிட்டு வீடு கட்டலாம் என்று அனுமதித்தது, பணம் தரவில்லை. லண்டன் மாவட்டச் சபை ஷோர்டிட்ச் பகுதியிலிருந்த ஓல்ட் நிக்கல் என்ற சேரியை இடித்து, அங்கே பவுண்டரி எஸ்டேட் என்ற அழகிய செங்கல் குடியிருப்பை எழுப்பியது. 1900இல் இளவரசர் வந்து திறந்து வைத்தார். இன்றும் அங்கே போய்ப் பாருங்கள். நடுவில் ஒரு மேடையும் சுற்றிலும் மரங்களுமாக, பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். ஆனால் சேரியிலிருந்து அகற்றப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே அந்தப் புதிய வீடுகளுக்குள் வந்தார்கள். கட்டிய செலவை வாடகையிலேயே மீட்கவேண்டியிருந்தபடியால், பழைய குடிகளால் அந்த வாடகையைக் கொடுக்க முடியவில்லை. அவர்கள் அடுத்த சேரிக்குப் போனார்கள். உள்ளூர்ச் சபை எவ்வளவு நல்ல மனத்தோடு இறங்கினாலும், தனியாக எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு இது முதற் சான்று.

அரசை உள்ளே இழுத்தவர்கள் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள். 1915இல், ஆண்கள் போர்முனையிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் இருந்த நேரத்தில், வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் வாடகை மறுப்பு தொடங்கியது. வெளியேற்ற வந்த அதிகாரிகளைப் படிக்கட்டிலேயே மறித்தார்கள். நவம்பரில் கப்பல் கட்டும் தொழிலாளரும் வேலையை விட்டுவிட்டு ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. அது வந்தபிறகு, ஏழைகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுவதில் தனியாருக்கு இலாபம் இல்லாமல் போயிற்று. போர் முடிந்து இலட்சக்கணக்கான வீரர்கள் திரும்பியபோது, வேறு யார் கட்டுவது? ரஷ்யாவில் நடந்த புரட்சியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பிரதமர் லாயிட் ஜார்ஜ் வீரர்களுக்கு நல்ல வீடு தருவதாக வாக்குக் கொடுத்தார்.

1919இன் அடிசன் சட்டம் இப்படித்தான் பிறந்தது. கிறிஸ்டபர் அடிசன் அடிப்படையில் மருத்துவர். லண்டனின் வறிய பகுதிகளில் நோயைக் கண்டவர். வீட்டுத் துறை அப்போது சுகாதார அமைச்சின் கீழ் இருந்தது. ஈரச் சுவரும் காசநோயும் ஒன்றாக இருப்பதை அறிந்தவர் கையில் அந்தத் துறை போனது நல்ல காலம். ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் எத்தனை வீடு தேவை என்று மூன்று மாதத்துக்குள் கணக்கெடுத்துத் திட்டம் தரவேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. அதுவரை சபைகள் விரும்பினால் செய்யலாம் என்றிருந்த வேலை, அன்றிலிருந்து செய்தே தீரவேண்டிய கடமையாயிற்று. வீட்டின் தரத்துக்கு, ரேமண்ட் அன்வின் முன்னின்று எழுதிய 1918ஆம் ஆண்டின் டியூடர் வால்டர்ஸ் அறிக்கை அளவுகோலானது: ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு, வெயில் விழும் அறைகள், முன்னும் பின்னும் தோட்டம். நகரத் தொழிலாளியின் வீட்டுக்கு அரசு இப்படியொரு அளவு வகுத்தது அதுவே முதல்முறை.

பிழை பணக் கணக்கில் இருந்தது. சபை தன் சோலைவரியில் பவுண்டுக்கு ஒரு பென்னி அளவு போட்டால் போதும். அதற்கு மேல் எவ்வளவு நட்டம் வந்தாலும் திறைசேரி ஏற்கும். போருக்குப் பின் மேசன்மாருக்கும் செங்கல்லுக்கும் பெருந்தட்டுப்பாடு. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான சபைகள் ஒரே நேரத்தில் ஒரே செங்கல்லுக்குப் போட்டியிட்டன. விலை ஏறினால் சபைக்கு ஒரு பென்னிக்கு மேல் வலி இல்லை, ஒப்பந்தக்காரருக்கு இலாபம், திறைசேரிக்கு மட்டும் இரத்தப்போக்கு. போருக்கு முன் முந்நூறு பவுண்டுக்குள் கட்டி முடித்த வீட்டுக்கு ஆயிரம் பவுண்டு கேட்டார்கள். மூன்றாண்டில் ஐந்து இலட்சம் வீடு என்று தொடங்கிய திட்டம் 1921இல் வெட்டப்பட்டது. அடிசன் பதவியிழந்தார். சபைகள் கட்டியவை 1,70,000 அளவிலேயே நின்றன. அடிசனைப் பிற்காலத்தில் பலர் ஊதாரி என்று எழுதினார்கள். அது அநீதி என்றே நான் கருதுகிறேன். பணம் போடுகிறவர் ஒருவர், செலவை நிர்ணயிக்கிறவர் இன்னொருவர் என்று கணக்கைப் பிரித்துவிட்டால், பதவியில் யார் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

பின்னர் வந்த நெவில் சேம்பர்லின் 1923இல் எதிர்ப்பக்கம் திரும்பினார். வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஆறு பவுண்டு, இருபது ஆண்டுக்கு. அதுவும் பெரும்பாலும் தனியார் கட்டி விற்கும் வீடுகளுக்கு. செலவு அடங்கிவிட்டது, ஏழைக்கு வீடு கிடைக்கவில்லை.

இப்போது நான் சற்று நின்று பேசவிரும்பும் மனிதருக்கு வருகிறேன். ஜோன் வீட்லி. அயர்லாந்தில் பிறந்து, ஸ்கொட்லாந்தின் லனார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஒற்றை அறைக் குடிலில் வளர்ந்தவர். தானும் சுரங்கத்தில் வேலை செய்தவர். கிளாஸ்கோ மாநகர சபையில் உறுப்பினராக இருந்தபோது, ஆண்டுக்கு எட்டுப் பவுண்டு வாடகையில் தொழிலாளிக்கு வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். மேரி பார்பரின் போராட்டத்தோடும் நின்றவர். 1924 ஜனவரியில் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது சுகாதார அமைச்சரானார். அந்த அரசு ஒன்பது மாதமே நீடித்தது. அந்த ஒன்பது மாதத்தில் அவர் செய்த ஒரு வேலை, பல அரசுகள் ஐந்தாண்டில் செய்யாதது.

முதலில் கட்டடத் தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் அழைத்துப் பேசினார். தொழிற்சங்கங்களுக்கு ஒரு பயம் இருந்தது: புதியவர்களைத் தொழிலுக்குள் விட்டால், நாளை திட்டம் நின்றதும் எல்லோரும் வேலையில்லாமல் தெருவில் நிற்கவேண்டிவரும். அடிசன் திட்டம் வெட்டப்பட்டபோது அது நடந்தும் இருந்தது. வீட்லி பதினைந்து ஆண்டுத் திட்டம் என்று உறுதி கூறினார்; பதிலுக்குச் சங்கங்கள் கூடுதல் தொழில் பழகுநர்களைச் சேர்க்க இணங்கின. அடுத்தது பணம். வீடு ஒன்றுக்குத் திறைசேரி ஆண்டுக்கு ஒன்பது பவுண்டு, நாற்பது ஆண்டுக்குத் தரும். நாட்டுப்புறத்தில் பன்னிரண்டரைப் பவுண்டு. வாடகையைப் போருக்கு முந்திய அளவில் வைத்திருக்கத் தேவைப்பட்டால், சபை தன் சோலைவரியிலிருந்து நாலரைப் பவுண்டு வரை போடவேண்டும். திறைசேரியின் பங்குக்கு உச்சவரம்பு உண்டு; ஆகவே கட்டுமானச் செலவு ஏறினால் சபைக்கு வலிக்கும். சபையின் பங்குக்கும் அளவு உண்டு. ஆகவே வறிய நகரமும் துணிந்து இறங்கலாம். வாக்கு நாற்பதாண்டுக்கு, ஆகவே சபை கடன் வாங்கலாம்.

அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த கொன்சர்வேட்டிவ் அரசு மானியத்தைக் குறைத்ததே தவிர, சட்டத்தை ஒழிக்கவில்லை. 1933இல் புதிய வீடுகளுக்கு மானியம் நிறுத்தப்படும்வரை அந்தச் சட்டத்தின் கீழ் ஐந்து இலட்சம் வீடுகள் எழுந்தன. ஆட்சி மாறினாலும், கட்டிய வீட்டுக்குக் கொடுத்த நாற்பதாண்டு வாக்கு மாறவில்லை. இந்த நாற்பது என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

இங்கிருந்து கிழக்கே கொஞ்சத் தூரம் போனால் பெக்கன்ட்ரி வரும். 1921க்கும் 1930களின் நடுப்பகுதிக்கும் இடையில், லண்டன் மாவட்டச் சபை தன் எல்லைக்கு வெளியே, எசெக்ஸ் வயல்களில் கட்டிய குடியிருப்பு. ஏறத்தாழ 26,000 வீடுகள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். உலகிலேயே மிகப் பெரிய அரச வாடகைக் குடியிருப்பு என்று பெயர் பெற்றது. கட்டியது லண்டன் சபை. பள்ளிக்கூடமும் சாக்கடையும் நூலகமும் கொடுக்கவேண்டியது பார்க்கிங், டெகன்ஹம், இல்ஃபோர்ட் சபைகளும் எசெக்ஸ் மாவட்டமும். ஆளுக்கொரு துண்டாகப் பொறுப்புப் பிரிந்திருந்ததால், பிள்ளைகள் வந்த பிறகுதான் பள்ளிக்கூடம் வந்தது. ஃபோர்ட் தொழிற்சாலை 1931இல் டெகன்ஹமில் திறக்கும்வரை, பக்கத்தில் சொல்லத்தக்க வேலையும் இல்லை. அங்கே குடிபோனவர்களில் பெரும்பாலோர் நிரந்தர வேலையுள்ள தொழிலாளிகள். துறைமுக வாசலில் அன்றாடம் காத்துநின்று கூலி பெற்றவருக்கு அந்த வாடகையும் ரயில் கட்டணமும் எட்டவில்லை. கவுன்சில் வீட்டின் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். மத்திக்கும் சபைக்கும் சம பங்கு என்றால் அது நீதி என்று தோன்றும். பக்கத்துப் பொப்ளர் சபையைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். சோலைவரி என்பது கட்டடங்களின் மதிப்பில் விதிக்கப்படுவது. மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பென்னி வரி கொண்டுவரும் தொகை, பொப்ளரின் ஒரு பென்னியைப்போலப் பல மடங்கு. ஆனால் வேலையற்றோரும் நோயாளிகளும் நிறைந்திருந்தது பொப்ளரில். 1921இல் ஜோர்ஜ் லான்ஸ்பரியும் அவருடைய சக உறுப்பினர்களுமாக முப்பது பேர், லண்டன் முழுவதற்குமான வரிகளைச் செலுத்த மறுத்துச் சிறைக்குப் போனார்கள். ஆறு வாரத்தில் விடுதலை. அதே ஆண்டில், வறியோர் நிவாரணச் செலவைச் செல்வச் சபைகளும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் வந்தது. பங்கு என்பது அவரவர் வலுவைப் பொறுத்தது என்பதை அவர்கள் சிறையிலிருந்து சட்டமாக்கினார்கள்.

1930களில் சேரி அகற்றலுக்கு முதலிடம் கொடுத்த கிரீன்வுட் சட்டத்தை நான் விரித்துப் பேசவில்லை. இரண்டாம் போருக்குப் பின் அனைரின் பெவான் வருகிறார். தேசிய சுகாதார சேவையை உருவாக்கியவர் என்றே அவரை எல்லோருக்கும் தெரியும். அதே அமைச்சர்தான் வீட்டுத்துறையையும் பார்த்தார். அவருடைய 1946ஆம் ஆண்டுக் கணக்கு வீட்லியினுடையதன் பிள்ளை: வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 22 பவுண்டு, அறுபது ஆண்டுக்கு. அதில் பதினாறரைப் பவுண்டு திறைசேரி, ஐந்தரைப் பவுண்டு சபை. மூன்றுக்கு ஒன்று. செங்கல்லும் மரமும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், தனியாருக்கு ஒரு வீட்டுக்கு அனுமதி என்றால் சபைக்கு நாலு வீட்டுக்கு என்று விகிதம் வைத்தார். வீட்டைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டும்படி எவ்வளவோ நெருக்கியும் அவர் இறங்கவில்லை. எண்ணிக்கை போதவில்லை என்ற பழியை ஏற்றார். 1951இல் வந்த ஹரோல்ட் மக்மில்லன் ஆண்டுக்கு மூன்று இலட்சம் வீடு என்ற வாக்கை 1953இலேயே நிறைவேற்றினார். வீட்டின் அளவு சுருங்கியது. அந்த இரண்டு பேரில் யார் சரி என்று கேட்டால் நான் பெவான் பக்கம். 1948இல் கட்டிய வீட்டில் இன்று நாலாவது தலைமுறை பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாட இடம் இருக்கிறது.

அடுத்து நடந்தது நம்முடைய நியூஹாமைத் தொடுகிறது. 1956இல் மானியச் சட்டம் மாறியது. கட்டடம் எவ்வளவு உயரமோ, வீடு ஒன்றுக்கு அவ்வளவு கூடுதல் மானியம். ஆறு மாடித் தொடர்மாடியிலுள்ள வீட்டுக்குச் சாதாரண வீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு மேலே ஒவ்வொரு மாடிக்கும் இன்னும் கொஞ்சம். திறைசேரி நிலப்பரப்பை மிச்சப்படுத்த நினைத்தது. விளைவு? எந்த நகரத்துக்கு எது பொருந்தும் என்று சபைகள் யோசிக்கும் வேலையை, மானிய அட்டவணை செய்து முடித்துவிட்டது. குண்டுவீச்சில் தெருத்தெருவாக வீடிழந்த வெஸ்ட் ஹாம் போன்ற ஒரு பகுதிக்கு, வேகமாக உயர்த்தித் தருகிறேன் என்று பெரிய கட்டட நிறுவனம் வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் இணைந்து 1965இல் நியூஹாம் உருவானது. கன்னிங் டவுனில், தொழிற்சாலையில் வார்த்த கொங்கிரீட் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, 22 மாடியில் ரோனன் பொயின்ட் எழுந்தது. சபையின் வீடமைப்புக் குழுத் தலைவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

1968 மே 16. விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, பதினெட்டாவது மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல, அந்தப் பெண் உயிர் பிழைத்தார். ஆனால் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும், மேலே இருந்த மாடிகள் பிடிமானமின்றிச் சரிந்து, அந்த எடையில் கீழேயிருந்த மூலையும் தரைவரை இடிந்து விழுந்தது. நாலு பேர் இறந்தார்கள். இடிந்தது வரவேற்பறைகள் இருந்த மூலை. அந்த நேரம் பெரும்பாலோர் படுக்கையறையில் இருந்தபடியால் உயிர்ச்சேதம் அவ்வளவோடு நின்றது. முதல் குடிகள் வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. கட்டடத்தைப் பழுதுபார்த்து மறுபடியும் ஆட்களைக் குடிவைத்தார்கள். 1986இல் அதைப் பிரித்து இறக்கியபோது, சாந்து நிரம்பியிருக்கவேண்டிய இணைப்புகளில் வெற்றிடமும் செய்தித்தாளும் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

உயரத்துக்கான அந்தக் கூடுதல் மானியத்தை அரசு 1967இலேயே நிறுத்தியிருந்தது. அதற்குள் கோபுரங்கள் நாடு முழுவதும் எழுந்துவிட்டன. பழி சபைகளுக்குப் போயிற்று. கட்டியது சபை, உண்மை. மேற்பார்வையில் தவறியதும் சபை. உயரமாகக் கட்டினால் பணம் என்று அட்டவணை எழுதிய கை வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தது. அந்தக் கைக்கு எவரும் கணக்குக் கேட்கவில்லை.

1972இல் திறைசேரி வாடகையிலும் கைவைத்தது. ஒவ்வொரு சபையும் கவுன்சில் வீட்டு வாடகையை உயர்த்தவேண்டும் என்று வீட்டு நிதிச் சட்டம் கட்டளையிட்டது. டெர்பிஷயரில் கிளே கிராஸ் என்ற சிறிய சுரங்க ஊர். சேரிகளை இடித்து ஊருக்கு வீடு கட்டிக்கொடுத்து, வாடகையைக் குறைவாக வைத்திருந்த சபை அது. வாரத்துக்கு ஒரு பவுண்டு உயர்த்த மறுத்தார்கள். பதினொரு உறுப்பினர்கள்மேல் தனிப்பட்ட முறையில் தண்டப்பணம் விதிக்கப்பட்டது, பதவியும் பறிபோனது, சிலர் முறிவாளராக அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்பதில் ஐயமில்லை. வாக்களித்த ஊர் அவர்களிடம் என்ன எதிர்பார்த்தது என்பதிலும் ஐயமில்லை. வாடகை எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் உரிமைகூட இல்லாத சபை, கூட்டாளி என்ற நிலையிலிருந்து வாடகை வசூலிப்பவர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் 1980ஐப் பார்க்கவேண்டும். மார்கரெட் தட்சரின் அரசு கொண்டுவந்த வீட்டுச் சட்டம், மூன்றாண்டு குடியிருந்தவர் தன் கவுன்சில் வீட்டைச் சந்தை விலையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை கழிவோடு வாங்கும் உரிமையைக் கொடுத்தது. சபைக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. வாங்கியவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாக வாடகை கொடுத்த குடும்பத்துக்குச் சொந்தமாகக் கதவும் சாவியும் கிடைத்தது. நம்மவர்களும் அப்படித்தான் காலூன்றினார்கள். என் வழக்கு விற்ற பணத்தைப் பற்றியது. ஒரு வீட்டை விற்றால் அந்தப் பணத்தில் இன்னொரு வீடு கட்டலாம் என்பது யாருக்கும் தோன்றும். சபைகளுக்கு அந்த அனுமதி இல்லை. விற்ற பணத்தில் ஒரு பகுதியைத்தான் செலவிடலாம் என்று திறைசேரி வரம்பு கட்டியது. 1990க்குப் பிறகு நாலில் மூன்று பங்கைக் கடன் அடைக்க ஒதுக்கவேண்டும் என்று ஆனது. இங்கிலாந்தில் மட்டும் இருபது இலட்சம் அளவு வீடுகள் விற்கப்பட்டன. 1990களின் இறுதியில் நாடு முழுவதும் சபைகள் ஆண்டுக்குக் கட்டிய புது வீடுகள் சில நூறுதான்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. வீடு கட்டுவதற்குப் போன அரச பணம், மெல்ல மெல்ல வாடகை உதவித்தொகையாக மாறியது. வீடு கட்டினால் சபைக்குச் சொத்து மிஞ்சும். வாடகை உதவித்தொகை மாதா மாதம் தனியார் வீட்டுக்காரரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீடற்ற குடும்பத்துக்கு இடம் கொடுக்கவேண்டிய கடமையைச் சபைமேல் வைத்தது 1977ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம், எத்தனையோ பிள்ளைகளைத் தெருவிலிருந்து காத்த சட்டம். கடமை அங்கேயே இருக்க, அதை நிறைவேற்றும் வீடுகளும் பணமும் சபையின் கையைவிட்டுப் போயின. ஆகவே, ஒரு காலத்தில் தான் விற்ற வீட்டையே இன்றைய உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு எடுத்து, வீடற்ற குடும்பத்தைச் சபை தங்கவைக்கிறது. இங்கிலாந்துச் சபைகள் தற்காலிகத் தங்கிடங்களுக்கு ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவிடுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு செங்கல்லும் அடுக்கப்படுவதில்லை.

இந்த நெருக்கடி கீழே இறங்கும்போது எந்த முகத்தோடு வருகிறது என்பதை நியூஹாம் 2013இல் கண்டது. ஸ்ட்ரட்பர்டில் ஒரு விடுதியிலிருந்த இளம் தாய்மாருக்கு, லண்டனில் இடமில்லை, மான்செஸ்டர், ஹேஸ்டிங்ஸ், பேர்மிங்காம் போன்ற ஊர்களுக்குப் போகவேண்டிவரும் என்று சொல்லப்பட்டது. கைக்குழந்தைகளோடு அவர்கள் மறுத்தார்கள். 2014இல் கார்பென்டர்ஸ் எஸ்டேட்டில் மறுகட்டுமானத்துக்கென்று காலியாக வைத்திருந்த வீடுகளுக்குள் புகுந்து தங்கினார்கள். அந்தப் பெண்கள் நின்ற இடம், நூறாண்டுக்கு முன் கோவனின் படிக்கட்டில் பெண்கள் நின்ற இடந்தான்.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளை விரைவாகச் சொல்கிறேன். 2011இல் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம் என்ற ஒரு புதிய வாடகை முறை வந்தது. லண்டனில் 80 சதவீதம் என்பது துப்புரவுத் தொழிலாளிக்கும் பராமரிப்பு ஊழியருக்கும் எட்டாத உயரம். 2012இல் ஒரு நல்ல காரியம் நடந்தது: கவுன்சில் வீட்டு வாடகை முழுவதும் சபையிடமே இருக்கும், பதிலுக்குச் சபை கடனில் தன் பங்கை ஏற்கும் என்று உடன்பாடு. அதை நம்பிச் சபைகள் முப்பதாண்டுத் திட்டம் எழுதின. மை காய்ந்து நாலு ஆண்டு ஆவதற்குள், 2016 முதல் நாலாண்டுக்கு வாடகையை ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைக்கவேண்டும் என்று மத்திய அரசு சட்டம் போட்டது. குடியிருப்பவருக்கு அது நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்பைத் திறைசேரி ஈடுசெய்யவில்லை. கூரை மாற்றவும் ஈரம் எடுக்கவும் ஒதுக்கிய பணத்திலிருந்து அது போனது. இன்று சுவரில் பூஞ்சணம் என்று நீங்கள் தொலைபேசியில் புகார் கொடுத்துக் காத்திருக்கும்போது, அந்த 2016ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் சபைகளின் வீட்டுக் கடனுக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2019இல் நொரிச் சபை கட்டிய கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் குடியிருப்பு, குளிருக்கு மிகக் குறைந்த எரிபொருளே போதும் என்கிற தரத்தில் கட்டப்பட்ட ஏறத்தாழ நூறு வீடுகள், நாட்டின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டிர்லிங் பரிசைப் பெற்றது. சபைக்கு மீண்டும் காலமும் உரிமையும் கொடுத்தால் என்ன செய்யமுடியும் என்பதை அது காட்டியது. ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் வாங்கும் உரிமையை முற்றாக நிறுத்தின. இங்கிலாந்தில் 2024 நவம்பரில் கழிவுத்தொகை பெரிதும் குறைக்கப்பட்டது. விற்ற பணம் முழுவதையும் சபையே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. நாற்பத்துநாலு ஆண்டு தாமதமான திருத்தம்.

2025 ஜூனில் திறைசேரி, சமூக வீடுகளுக்கும் கட்டுப்படியான வீடுகளுக்குமாகப் பத்தாண்டுக்கு 3,900 கோடி பவுண்டு என்று அறிவித்தது. அதோடு, 2026 ஏப்ரல் முதல் பத்தாண்டுக்கு வாடகை எப்படி ஏறும் என்ற விதியையும் முன்கூட்டியே சொன்னது. இதை நான் வரவேற்கிறேன். வீடு கட்டும் பணத்துக்கு அண்மைக் காலத்தில் எந்த அரசும் இவ்வளவு நீண்ட வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் வீட்லி கொடுத்தது நாற்பதாண்டு. பெவான் கொடுத்தது அறுபதாண்டு. கட்டடக் கடனை அடைக்கச் சபைக்கு நாற்பதோ ஐம்பதோ ஆண்டு வேண்டும். 2016இல் ஒருமுறை சூடுபட்ட நிதி அதிகாரி, பத்தாண்டு வாக்கை நம்பி ஐம்பதாண்டுக் கடனில் கையெழுத்திடத் தயங்கினால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சில ஆண்டுகளில் உங்கள் வட்டாரத்தில் பழைய குடியிருப்பை இடிப்பது பற்றியும் புதிதாகக் கட்டுவது பற்றியும் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் நடக்கும். கடிதம் வரும், பெரும்பாலும் நாம் அதை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த முறை போங்கள். பத்துத் தமிழர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. படத்திலிருக்கும் மரங்களையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இடிக்கப்படும் வீடுகளில் எத்தனை சமூக வாடகை வீடு, கட்டப்படுவதில் எத்தனை என்று கேளுங்கள். மூன்று படுக்கையறை வீடு எத்தனை என்று கேளுங்கள். நம் குடும்பங்களில் பாட்டியும் கூட இருக்கிறார். மேடையிலிருக்கும் கவுன்சிலரிடம் இவற்றைக் கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, 2036க்குப் பிறகு இந்த வீட்டின் வாடகையை எந்த விதி நிர்ணயிக்கும் என்று அவரிடம் கேளுங்கள். சபையைக் கேட்டால் வெஸ்ட்மின்ஸ்டரைக் காட்டுவார்கள்; வெஸ்ட்மின்ஸ்டரைக் கேட்டால் சபையைக் காட்டுவார்கள். இருவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

 கேள்விகளுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.